நாற்காலித் தொழுகை

1

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே மூன்று பேரும் நலம். மூன்று பேருக்குமாகச் சேர்த்து ஐந்து கண்கள் வேலை செய்கின்றன. ஆறாவது கண்ணுக்கு மருத்துவர் விடுப்புக் கொடுத்திருக்கிறார். இதற்காகவே இங்கே வந்திருக்கும் உன் மாமியாருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மாப்பிள்ளையிடமும் சொல். கவலைப்பட ஒன்றுமில்லை.

ஃபோனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். ஃபோனில் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே வேறு வேலை பார்ப்பாய். பக்கத்தில் உன் மாமியார் வேறு உட்கார்ந்திருப்பார். தொலைபேசி நிலையத்தில் மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவர் முன்னால் ஃபோன் பேசுவது, சமையல்காரர் முன்னால் வெங்காயம் நறுக்குவது போல. நேற்று உன் அப்பா யாரிடமோ பேசி முடித்ததும், "சம்பந்தி, அவர் வச்சு ரொம்ப நேரமாச்சு, நீங்கதான் இன்னும் பேசிக்கிட்டிருந்தீங்க" என்றார். அப்பா இன்னும் அதிலிருந்து மீளவில்லை.

மருத்துவர் உன் வயதுப் பெண். முகத்தில் தண்ணீர் படக் கூடாது, குனியக் கூடாது, கனமாக எதையும் தூக்கக் கூடாது என்று விரல் மடக்கிச் சொன்னார். உன் மாமியார், "தொழலாமா?" என்று கேட்டார். "தொழுங்கம்மா, அதுல குனியணுமா என்ன?" என்றார் மருத்துவர். "அதுல பாதி வேலை குனியறதுதான், மீதி பாதி முகம் கழுவறது" என்றார் இவர். அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு என்னைப் பார்த்து, "நீங்க பார்த்துக்குவீங்கல்ல?" என்றாள். கடவுளோடு எனக்கு எந்தப் போக்குவரத்தும் இல்லை என்று ஒரு மருத்துவமனை வராந்தாவில் நின்று விளக்க முடியுமா? தலையை ஆட்டிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் சிக்கல் தண்ணீர். தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவ வேண்டும். முகத்தில் தண்ணீர் கூடாது. அதற்கும் அவர்களிடம் வழி வைத்திருக்கிறார்கள். சுத்தமான மண்ணையோ கல்லையோ உள்ளங்கையால் தொட்டு முகத்திலும் கைகளிலும் தடவிக்கொண்டால் போதுமாம். மண் என்று காதில் விழுந்ததுமே உன் அப்பா மாடிக்கு ஓடிப்போய்ப் பூந்தொட்டி ஒன்றை அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். உன் மாமியார் முகர்ந்து பார்த்து, "சம்பந்தி, இதுல உரம் போட்டிருக்கீங்க. என் முகத்துல ரோஜா பூக்கணும்னு ஆசையா?" என்றார். பிறகு ஒரு தட்டையான கல் கிடைத்தது. இந்த இடத்தில் நான் குறுக்கிட்டேன். அறுவை செய்த கண்ணுக்குப் பக்கத்தில் எந்தக் கல்லும் அப்படியே போகக் கூடாது. அதைப் பாத்திரத்தில் போட்டு நன்றாகக் கொதிக்க வைத்து, வெயிலில் காய வைத்துக் கொடுத்தேன். "கல்லை வேகவச்ச முதல் ஆள் நீங்கதான் சம்பந்தியம்மா, வெந்துச்சான்னு குத்திப் பார்த்தீங்களா?" என்று சிரித்தார். சிரித்தாலும் அந்தக் கல்லைத்தான் வைத்துக்கொண்டார். கண்ணின் மேல் ஒட்டியிருக்கும் மூடியைத் தொடாமல், அதற்கு வெளியே மெதுவாகத் தடவிக்கொள்கிறார்.

இரண்டாவது சிக்கல் குனிவது. நாற்காலியில் உட்கார்ந்து தொழலாம், தலையை லேசாகச் சாய்த்தால் போதும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் உடம்புக்குத் தெரியவில்லை. முதல் நாள் நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கிறேன், நாற்காலியிலிருந்து நழுவி நெற்றியைத் தரையை நோக்கிக் கொண்டுபோகிறார். "சம்பந்தியம்மா, கண்ணு!" என்று கத்திவிட்டேன். தொழுகையின் நடுவே அவர் பதில் பேச மாட்டார். அப்படியே நின்று, மெல்ல ஏறி உட்கார்ந்து, மீதியை முடித்தார். முடித்துவிட்டுத் திரும்பி, "நீங்க கத்துன கத்துல மேல இருக்கிறவரே ஒரு நிமிஷம் ஆடிப்போயிருப்பாரு" என்றார். அப்புறம் சிரிக்காமல் கேட்டார்: "நான் மறந்துடுவேன். சின்ன வயசுலேர்ந்து பழகின உடம்பு. நீங்க பின்னால உட்கார்ந்துக்கிட்டு ஒரு கையைத் தோள்ல வச்சுக்கிறீங்களா? போறேன்னு தெரிஞ்சா அமுக்கிப் பிடிச்சுக்கோங்க."

அன்றிலிருந்து நான் வீட்டில் இருக்கும்போதெல்லாம் அது என் வேலை. பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். இடது கை அவர் தோளில், வலது கையில் அலுவலகத் தாள். உன் அப்பா கதவோரம் நின்று பார்த்துவிட்டு, "பல்கலைக்கழகத்துல கடவுளே இல்லைன்னு மேடையேறிப் பேசினவ இவதானா?" என்றார். இதில் கடவுள் எங்கே வந்தார்? இது கண் விஷயம்.

அலுவலகத் தாள் என்றேனே, அதுவும் இதே கதைதான். ஆறாம் வகுப்புப் புத்தகத்தில் ஒரு புதுப் பாடம்: "மனிதர்கள் எப்படி வழிபடுகிறார்கள்". யாருக்குக் கொடுப்பது என்று எங்கள் பாடநூல் அலுவலகத்தில் ஒரு வாரம் பந்தாடினார்கள். கடைசியில் துறைத் தலைவர், "மேடம், உங்களுக்குத்தான் எதுவுமே கிடையாதே, நீங்க எழுதினா யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க" என்று என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். இது பாராட்டா என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

படங்கள் ரப்பருடையவை. உனக்கு நினைவிருக்கும், வரைவதைவிட அழிப்பது அதிகம் என்பதால் எங்கள் ஓவியருக்கு வந்த பெயர். ஆறு பேரை வரைந்து கொண்டுவந்தார். ஆறு பேரும் கண்ணை மூடிக்கொண்டு கை கூப்பி நிற்கிறார்கள். ஆறு பேருக்கும் ஒரே முகம். கேட்டால், "தொப்பி மாத்தியிருக்கேன், தலைப்பாகை மாத்தியிருக்கேன், ஒருத்தருக்கு முக்காடுகூடப் போட்டிருக்கேன். இன்னும் என்னங்க வேணும்?" என்கிறார். வீட்டுக்குக் கொண்டுவந்து உன் மாமியாரிடம் காட்டினேன். ஒற்றைக் கண்ணால் உற்றுப் பார்த்து, "இதுல நான் யாரு?" என்றார். முக்காட்டுப் பெண்ணைக் காட்டினேன். "நான் எப்ப இப்படிக் கையைக் கூப்பினேன்? இவளைப் பார்த்தா யார்கிட்டயோ மன்னிப்புக் கேக்கற மாதிரியில்ல இருக்கு" என்றார்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். இங்கே அழைப்பு மணி அடித்தால் போதும், யார் என்று தெரிவதற்கு முன்பே உன் மாமியார் தொழுகை விரிப்பைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுகிறார். கல்லைத் திரைச்சீலைக்குப் பின்னால் வைக்கிறார். முக்காட்டையும் எடுத்துவிட்டு, ஏதோ பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவர் போல உட்கார்ந்துகொள்கிறார். கண்ணுக்கு மூடி போட்டவர் என்ன பத்திரிகை படிப்பார்? நேற்று வந்தது கூரியர் பையன்தான். "எதுக்கு இதெல்லாம்?" என்றேன். "யாராவது வந்தா உங்களுக்குச் சங்கடமா இருக்கும்ல" என்றார். எனக்கென்ன சங்கடம் என்றேன். "இல்ல... வர்றவங்க ஒரு மாதிரி பார்ப்பாங்க" என்றார்.

அங்கேயும் அவர் இப்படித்தான் செய்கிறாரா? எழுது.

சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பு.

உன் நலத்தையே நினைத்திருக்கும்,
அம்மா

2

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் வந்தது. கோபத்தில் எழுதினாலும் உன் கையெழுத்து அழகாகத்தான் இருக்கிறது. அப்பா வாங்கிப் படித்துவிட்டு, "நீயே எதையும் கும்பிடாதவ, நீ எனக்குப் பாடம் எடுக்கறியா" என்ற வரியில் நிறுத்தி, "கேட்டாளே ஒரு கேள்வி!" என்று ரசித்தார். அவர் எப்போதும் உன் கட்சி.

கேள்வி நியாயமானது. உன்னை எந்தச் சாமி முன்னாலும் நிறுத்தாமல் வளர்த்தேன். அதில் எனக்கு இன்றும் வருத்தம் இல்லை. உன்னை இப்போது கும்பிடச் சொல்லவும் இல்லை. நீ கும்பிட ஆரம்பித்தால் நான்தான் முதலில் என்ன ஆயிற்று என்று கேட்பேன். நான் எழுதுவது வேறு.

நீ எழுதியிருக்கிறாய்: "நான் தொழக் கூடாதுன்னு சொன்னேனா? ஆஃபீஸ் ஆளுங்க வீட்டுக்கு வர்ற அன்னிக்கு மட்டும் பின்னறையில வச்சுக்கோங்க மாமின்னு சொன்னேன். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன். மாமியும் சிரிச்சாங்க." நம்புகிறேன். உனக்கு வஞ்சகம் தெரியாது. புது வேலை, புது மனிதர்கள், முதல் முறை வந்தபோது கூடத்தின் நடுவே நெற்றி தரையில் பட ஒருவர் இருந்ததைப் பார்த்து உன் மேலதிகாரி "ஓ!" என்று ஒரு சத்தம் எழுப்பினார் என்றும் எழுதியிருக்கிறாய். அந்த ஒரு "ஓ" உன்னைக் குத்தியிருக்கிறது. எனக்குப் புரிகிறது. உன் இடத்தில், உன் வயதில் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஆனால் அந்தப் பின்னறையை நான் பார்த்திருக்கிறேன். துணி துவைக்கும் இயந்திரமும் அதற்கு மேலே காய்கிற துணிகளுமாக இருக்கும். ஒரு விரிப்புப் போட இடம் இருக்கும், எழுந்தால் தலையில் ஈரத் துண்டு இடிக்கும். நீ சொன்னது விருந்தாளி வரும் நாளுக்கு மட்டும். அவர் அதை எல்லா நாளைக்கும் எடுத்துக்கொண்டார். அதற்கப்புறம் உன் வீட்டுக் கூடத்தில் அவர் தொழுது நீ பார்த்திருக்கிறாயா? யோசித்துப் பார். இப்போது அதை என் வீட்டுக்கும் கொண்டுவந்திருக்கிறார். கூரியர் பையனுக்குக்கூடப் பயப்படுகிறார். தொலைபேசி நிலையத்தில் ஒரு கூடம் நிறையப் பெண்களை அதட்டி வேலை வாங்கிய மனுஷி.

பாட விஷயமாக நானும் அப்பாவும் சில இடங்களுக்குப் போய்வந்தோம். பார்க்காமல் எழுதக் கூடாது இல்லையா. கோயில், தேவாலயம், சீக்கியர்களின் குருத்வாரா, பௌத்தர்கள் கூடும் ஒரு சிறிய மாடிக் கூடம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. சிலிர்ப்பு கிலிர்ப்பு எதுவும் வரவில்லை. கால்தான் வலித்தது. அப்பா எல்லா இடத்திலும் செருப்பை எங்கே விட்டோம் என்று கவலைப்பட்டுக்கொண்டே இருந்தார்.

ஆனால் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு நன்றாகப் பார்த்தேன். தேவாலயத்தில் ஒரு பெண் முழந்தாளிட்டிருந்தாள். உதடு அசைந்துகொண்டிருக்க, கை மட்டும் கைப்பைக்குள் மகளின் சளி மருந்தைத் தேடிக்கொண்டிருந்தது. கோயிலில் ஒருவர் கண்ணை மூடவே இல்லை. கூட்டத்துக்கு மேல் எம்பி எம்பிப் பார்த்தார். என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று கேட்டேன். "வேண்டிக்கறதா? பார்க்க வந்தேங்க" என்றார், ஊரிலிருந்து வந்த உறவினரைப் பார்க்க வந்தவர் போல. மாடிக் கூடத்தில் ஒரு பெரியவர் வரிசையாகக் கிண்ணங்களில் தண்ணீர் ஊற்றினார், சிந்தாமல், அவசரப்படாமல். அவ்வளவுதான் அவர் செய்தது. குருத்வாரா வாசலில் நல்ல உடை உடுத்திய ஒருவர் கீழே உட்கார்ந்து, முன்பின் தெரியாதவர்களின் செருப்பைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார். அப்பாவின் செருப்பையும் துடைத்தார். அப்பா வெலவெலத்துப் போய்விட்டார். "நம்ம வீட்ல ஒரு நாளாவது..." என்று ஆரம்பித்தார். நான் முறைத்ததும் நிறுத்திவிட்டார்.

ரப்பர் வரைந்தது போலக் கண் மூடிக் கை கூப்பியவர்களும் இருந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எல்லா இடத்திலும் நான் பார்த்த ஒரு பொது விஷயம் வேறு. நான் நின்றது எப்போதும் கடைசி வரிசையில். அங்கிருந்து பார்த்தால் எல்லாரும் முதுகுதான். சட்டை கசங்கிய முதுகு, முக்காடு போட்ட முதுகு, குழந்தை ஏறி விளையாடும் முதுகு. தெருவில் நாம் யாருக்கும் இப்படி முதுகைக் காட்டிக்கொண்டு, செருப்பில்லாமல், இவ்வளவு நேரம் நிற்க மாட்டோம். வாசல் திறந்திருக்கிறது, யாரும் வரலாம், இருந்தாலும் திரும்பிப் பார்க்காமல் நிற்கிறார்கள். பின்னால் நிற்பவர்கள் தங்களை எதுவும் செய்ய மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் அது நடக்கிறது. கடவுள்மேல் நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, அது எனக்குத் தெரியாது. பின்னால் நிற்கும் நம்மேல் இருப்பது எனக்குக் கண்கூடாகத் தெரிந்தது.

உன் மாமியார் எங்கள் வீட்டிலும் முதலில் கதவைப் பார்க்கும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். தொழ வேண்டிய திசை அதுவாக இல்லாததால்தான் விட்டார். இப்போது என் கை தோளில் இருக்கும்போது மட்டும் கதவுப் பக்கம் காது போவதில்லை. அது தோளில் எனக்குத் தெரிகிறது.

அவரிடம் ஒரு நாள், தினமும் இத்தனை முறை அப்படி என்னதான் கேட்பீர்கள் என்றேன். "கேட்கறதா? தினம் போய்க் கேட்டுக்கிட்டே நின்னா, இவ வந்தாலே இதுக்குத்தான்னு கதவைச் சாத்திக்க மாட்டாரா? போவேன். நிப்பேன். வந்துடுவேன்" என்றார். அந்தப் பக்கம் யாரும் எடுக்காவிட்டால்? என்றேன், வம்புக்குத்தான். "சம்பந்தியம்மா, நான் எக்ஸ்சேஞ்சுல இருந்தவ. எடுக்கறாங்களா இல்லையாங்கறது என் வேலை இல்ல. லைனைப் போட்டு வைக்கறதுதான் என் வேலை" என்றார். எனக்கு அது பதிலாகப் படவில்லை. ஆனால் சொன்னவரின் நிம்மதியைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமை வந்தது.

ரப்பரை வீட்டுக்கே வரவழைத்தேன். "முகத்தை வரையாதேப்பா, முதுகை வேணா வரைஞ்சுக்கோ" என்று உன் மாமியார் அனுமதி கொடுத்தார். நாற்காலித் தொழுகையை அவர் பின்னாலிருந்து வரைந்தார், ஒரு முறைகூட அழிக்காமல். அழிக்காததாலேயே தோளில் இருந்த என் கையும் படத்தில் வந்துவிட்டது. உன் மாமியார் பார்த்துவிட்டு, "நான் இவ்வளவு கூனா?" என்று மட்டும் கேட்டார்.

பாடத்தைச் சரிபார்க்கும் குழுவின் கூட்டத்தில் எல்லா மதத்துப் பெரியவர்களும் படத்தைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். துறைத் தலைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "மேடம், இந்த அம்மா எந்த மதம்னு தெரியுது. இந்தக் கை எந்த மதம்?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. "குழப்பம் வேண்டாம், கையை எடுத்துடலாம்" என்றார். கையை எடுத்தால் நானும் பெயரை எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அமைதியாகத்தான் சொன்னேன். தேவாலயத்திலிருந்து வந்திருந்த பாதிரியார், "கை இருக்கட்டுமே, அந்தம்மாவுக்கு வயசாகுதுல்ல" என்றார். முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது.

நீ அவரை எவ்வளவு நேசிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். நீங்கள் இரண்டு பேரும் தொலைக்காட்சித் தொடர் பார்த்துக்கொண்டே அதில் வருகிற எல்லாரையும் திட்டுவீர்களாமே. "மருமக இல்லாம ஒத்தையில திட்ட நல்லாவே இல்ல" என்று இங்கே புலம்புகிறார். அதனால்தான் இவ்வளவு எழுதினேன். கோபம் ஆறியதும் இன்னொரு முறை படி.

எந்தக் குறையும் உன்னை நெருங்காதிருக்க வேண்டும் என்று விரும்பும்,
அம்மா

3

அன்பு மகளுக்கு,

இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். கைக்குக் கிடைத்ததும் படித்துவிடு. மாப்பிள்ளையிடம் அப்புறம் சொல்லலாம்.

உன் மாமியாருக்குக் கண் ஆறிவிட்டது. குனியலாம், முகம் கழுவலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். முதல் தடவை நெற்றியைத் தரையில் வைத்தபோது நான் பழக்க தோஷத்தில் கையை நீட்டிவிட்டேன். பிறகு எடுத்துக்கொண்டேன். வரும் சனிக்கிழமை அவருக்கு ரயில். உனக்கும் அது தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது.

டிக்கெட் எடுக்கப் போனவர் உன் அப்பா. அவரிடம் உன் மாமியார், "சம்பந்தி, உங்க பொண்ணு ஊருக்கு எடுக்காதீங்க. அதே வண்டிதான், கடைசி வரைக்கும் எடுத்துடுங்க" என்று சொல்லியிருக்கிறார். கடைசி நிலையம் அவருடைய தங்கை இருக்கும் ஊர். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். உன் அப்பா ரகசியத்தை எவ்வளவு நேரம் வைத்திருப்பார் என்று உனக்குத் தெரியும். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவர் முகம் சரியில்லை. காபி ஆறுவதற்குள் சொல்லிவிட்டார். "நான் டிக்கெட் எடுக்கப் போனவன். ஏன்னு கேட்டேன். ‘அங்க போனா அவளுக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம். தங்கச்சி வீட்டு மாடியில ஒரு ரூம் சும்மா கிடக்கு. பிள்ளைங்க நிம்மதியா இருக்கட்டும்’னாங்க. அதுக்கு மேல நான் என்னத்தைக் கேட்க?" என்றார். கொஞ்சம் கழித்து, எனக்குத் தெரியாது என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

போய் இருந்துவிட்டு வருவது அல்ல இது. கொண்டுவந்த பெட்டியைவிடப் பெரிய பெட்டி ஒன்று வாங்கியிருக்கிறார். உன் வீட்டில் இருக்கும் தன் சாமான்களை மெதுவாக அனுப்பி வைக்கும்படி மாப்பிள்ளையிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறார். நேராகவே கேட்டேன், என்ன சம்பந்தியம்மா, எங்கள் பெண்மேல் கோபமா என்று. "சேச்சே! அந்தப் பிள்ளை மேல எனக்கு என்ன கோபம்? மகன்கிட்ட பேசினதைவிட அவகிட்டதான் அதிகம் பேசியிருக்கேன். கொஞ்ச நாள் காத்து மாறட்டும்னுதான்" என்றார். உடனே கண் சொட்டு மருந்து எங்கே என்று பேச்சை மாற்றினார். மருந்து அவர் மடியிலேயே இருந்தது.

போகாதீர்கள், மகள் வீட்டுக்கே போங்கள் என்று நான் சொல்லலாம். சொன்னால் சிரிப்பார். அது என் வீடு இல்லை. உன் வீட்டுக்கு அழைக்க எனக்கு ஏது உரிமை? உன் அப்பாவுக்கும் கிடையாது. மாப்பிள்ளை அழைத்தால், மகன் அம்மாவைக் கூப்பிடுகிறான், அவ்வளவுதான். அதற்கு அவர் ஒரு சாக்குச் சொல்லிவிடுவார். மாப்பிள்ளை நல்லவர், ஆனால் இந்த விஷயத்தில் இரண்டு பக்கமும் வாயைத் திறக்காமல் காலத்தை ஓட்டியவர். பின்னறைக்குப் போங்கள் என்றது நீ. வாருங்கள் என்று சொல்ல வேண்டியதும் நீதான்.

ஃபோன் செய்துவிடாதே. செய்தால், "என்ன மாமி இது?" என்பாய். "ஒண்ணுமில்லம்மா" என்பார். நீயும் நிம்மதியாக வைத்துவிடுவாய். தங்கை ஊருக்கு அவர் போய்ச் சேர்ந்துவிடுவார். அதற்கப்புறம் பெருநாளுக்கு ஒரு முறை பார்த்துக்கொள்வீர்கள், நலமா நலமா என்று கேட்டுக்கொள்வீர்கள். யாரும் யாரையும் குறை சொல்ல மாட்டீர்கள். எல்லாம் மரியாதையாகவே முடிந்துபோகும். அந்த மரியாதைக்குத்தான் நான் பயப்படுகிறேன்.

வண்டி உங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. பெட்டி எண்ணை அப்பா குறுஞ்செய்தியில் அனுப்புவார். நடைமேடையில் நீ நில். வீட்டு வாசலிலோ காரிலோ அல்ல, நடைமேடையில். பெட்டிக்குள் ஏறி அவர் எதிரே நில். "வேண்டாம்மா, தங்கச்சி காத்துக்கிட்டிருப்பா" என்பார். அது முதல் பதில். அதைக் கேட்டுவிட்டு இறங்கிவிடாதே. நான் அப்படி நினைத்துச் சொல்லவில்லை மாமி என்று விளக்கம் சொல்லாதே. விளக்கம் சொன்னால் அவர் உனக்காக அதையும் ஒத்துக்கொள்வார். பெட்டியை நீ தூக்கிக்கொள். கூடத்தில் ஜன்னல் பக்கம் இருக்கும் அந்தச் சோபாவை நகர்த்திவிட்டேன் மாமி, நீங்கள் வந்து விரிப்புக்கு இடம் சரியா பாருங்கள் என்று சொல். சொல்வதற்கு முன்னால் உண்மையாகவே நகர்த்திவிடு. அவர் வந்து சேர்வதற்கு முன்பே அந்தக் கூடத்தில் ஒரு பொய் வந்து நிற்கக் கூடாது.

அடுத்த முறை உன் அலுவலகத்து ஆட்கள் வரும்போது அவர் கூடத்தில் தொழுதுகொண்டிருந்தால், நீ எதுவும் விளக்க வேண்டாம். மாமி தொழறாங்க, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க என்று சொன்னால் போதும். யாராவது "ஓ" என்றால் சொல்லிவிட்டுப் போகட்டும். அந்த நேரத்தில் நீ அவருக்குப் பின்னால் இருக்கிறாய் என்பது அவருக்குத் தெரிந்தால் சரி. நீ நம்ப வேண்டியது எதுவும் இல்லை. நானும் இன்றுவரை எதையும் நம்பவில்லை.

அவரிடம் இந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்லாதே. டிக்கெட் விஷயத்தை அவர் என்னிடம் சொல்லவில்லை, அப்பாவை நம்பி அவரிடம்தான் சொன்னார். அப்பா அதை இப்போதே பெரிய பாவமாக எண்ணிக்கொண்டு அலைகிறார். இப்போதுகூட அடுத்த அறையில் இருவரும் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். "சம்பந்தி, அந்தக் கயித்தை இழுத்துக் கட்டுங்க, காலேஜ்ல முடிச்சுப் போடச் சொல்லித் தரலையா?" என்று அவர் குரல் கேட்கிறது. சிரிப்பும் கேட்கிறது. இரண்டு பேருடைய சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை.

மற்ற அம்மாக்கள் இந்த இடத்தில் கடவுள் உனக்கு நல்ல வழி காட்டட்டும் என்று எழுதி முடிப்பார்கள். நான் எழுதினால் நீ சிரிப்பாய், எனக்கும் கை வராது. எனக்கு மேலே கேட்க யாரும் இல்லை கண்ணம்மா. இருப்பது நீதான். அதனால் உன்னிடம் கேட்கிறேன்.

வண்டி அங்கே அதிக நேரம் நிற்காது. முன்னதாகவே போய் நில்.

அம்மா